பல்லிக்கும் பேறுகாலம் உண்டு

சிறுத்தைப் பல்லியைப் பற்றி நான் அறிந்துகொண்டது என் மாணவர்களிடமிருந்துதான். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் வறண்ட நிலத்துக்கு உரியது, உடலெங்கும் கரும்புள்ளிகள், நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத இமை அதற்கு உண்டு. தொடக்கநிலை நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி காணொளிகளில் அதைக் கண்டு மயங்கிவிட்டாள். பெண் பல்லிதான் வேண்டும், அது முட்டையிடுவதைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் அடம். பெற்றோர் சந்திப்பு நாளில் அவளுடைய தந்தை, "கைப்பேசியில் ஒருவர் விற்கிறாராம், வாங்கிக் கொடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

சிங்கப்பூரில் எந்தப் பல்லியினத்தையும் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதியில்லை. தேசியப் பூங்காக் கழகம் இதைத் தொடர்ந்து அறிவுறுத்தி வருகிறது. அதை அவரிடம் கூறினேன். ஆனால் தடை என்ற ஒரு சொல்லோடு பிள்ளையின் ஆர்வத்தை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அந்தப் பல்லியின் பேறுகாலத்தைப் பற்றி அவளோடு அமர்ந்து படித்தேன்.

கருமுட்டை உருவாகும் நாள்களில் அது உணவைக் குறைத்துக்கொள்ளும். ஆண் துணை இல்லாவிட்டாலும் கருவற்ற முட்டைகளை இடுவதுண்டு. முட்டையோட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். உணவில் அது போதாவிட்டால் தாய் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். ஈரமான மண்ணோ பாசியோ நிரப்பிய மறைவிடம் வேண்டும். முட்டை வெளிவராமல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. "ஒளித்து வளர்ப்பவர் அந்நேரத்தில் எந்தத் துணிவில் மருத்துவரிடம் தூக்கிச் செல்வார்?" என்று கேட்டேன். அவள் நெடுநேரம் பேசவில்லை.

பிறகு, "நம் வகுப்புப் பல்லியைப் பார்க்கலாமா?" என்றாள்.

வகுப்பின் சன்னல் கண்ணாடியில் மாலையானால் ஒரு பல்லி வந்து ஒட்டிக்கொள்ளும். மறுபுறம் நின்று பார்த்தால் அதன் மெல்லிய வயிற்றுத் தோலுக்குள் இரண்டு வெண்ணிற உருண்டைகள் தெளிவாகத் தெரிந்தன. கழுத்தின் இருபுறமும் சிறு புடைப்புகள். பெண் பல்லி சுண்ணாம்புச் சத்தைச் சேமித்து வைக்கும் பைகள் அவை. பிள்ளைகள் அசைவற்று நின்றார்கள். பலமுறை கேட்டும் கிடைக்காத அமைதி அது!

ஒரு மாணவன் மட்டும் விலகி நின்றான். பல்லி தலையில் விழுந்தால் கேடு என்று பாட்டி சொல்லியிருக்கிறாராம். சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கும் பஞ்சாங்கத்திலும் பல்லி விழும் பலன் உண்டு. நம்மிடமிருந்து பல்லிக்கு என்ன பலன் என்று சொல்லும் பக்கந்தான் இல்லை. அவன் பாட்டியைக் குறைசொல்லாமல், சங்க அகப்பாடல்களில் பிரிந்திருக்கும் தலைவி பல்லியின் குரலை நல்ல அறிகுறியாகக் கேட்பதும் உண்டு என்று சொன்னேன். அரை அடி நெருங்கி வந்தான்.

மே மாதத் தொடக்கத்தில் அறிவிப்புப் பலகையின் பின்னிடுக்கில் இரு முட்டைகளைக் கண்டோம். பட்டாணியைவிடச் சற்றே பெரியவை. பல்லி முட்டை இடும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டதும் இறுகும். வீட்டுப் பல்லி முட்டையிட்ட பின் அடைகாப்பதில்லை. பெரிய தோக்கே பல்லியோ முட்டைகளைச் சுவரோடு ஒட்டவைத்துக் காவல் இருக்கும். பெட்டியில் பஞ்சு வைத்து முட்டைகளை எடுத்து வரலாமா என்று பிள்ளைகள் கேட்டனர். உள்ளே வளரும் கரு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்ளும்; முட்டையைப் புரட்டினால் கரு அழியக்கூடும் என்று விளக்கினேன். எடுக்கும் ஆசை அத்துடன் அடங்கியது. ஆனால் வேறொரு கவலை எழுந்தது. விடுமுறையில் வகுப்பைத் துப்புரவு செய்வார்களே!

அன்றைய தமிழ்ப் பாடம் அறிவிப்பு எழுதுதல் ஆகிவிட்டது. 'இங்கே முட்டைகள் உள்ளன. அருள்கூர்ந்து தொடாதீர்கள்' என்று எழுதினார்கள். 'அருள்கூர்ந்து' என்ற சொல்லை அவர்கள் தேவையறிந்து பயன்படுத்தியது அன்றுதான். எங்கள் தளத்தைத் துப்புரவு செய்யும் மூதாட்டிக்குச் சீனம் மட்டுமே தெரியும். ஆகவே சீன வகுப்புத் தோழர்களிடமும், பிறகு மலாய்த் தோழர்களிடமும் கேட்டு நான்கு மொழிகளிலும் ஒட்டினார்கள். அந்த மூதாட்டி படித்துவிட்டுச் சிரித்து, பலகையைச் சுட்டி, தம் வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

சூன் விடுமுறை நான்கு வாரம். வீட்டுப் பல்லியின் முட்டை பொரிக்க ஏறத்தாழ ஆறு முதல் பத்து வாரம் ஆகலாம்; வெப்பத்தைப் பொறுத்தது. பள்ளி திறந்த அன்று அந்த மாணவிதான் முதலில் ஓடினாள். முட்டைகள் அப்படியே இருந்தன. சூலை முதல் வாரத்தில் ஒரு காலை இரண்டு ஓடுகளும் உடைந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் கிடந்தன. குஞ்சு வெளிவந்ததை எவரும் பார்க்கவில்லை. அவள் அழுதுவிட்டாள்.

அவ்வாரக் கட்டுரை ஏட்டில், குஞ்சுகள் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். எழுத்துப்பிழைகள் பதினொன்று. அவளுடைய தந்தைக்கு அந்த ஏட்டைக் கொடுத்தனுப்பினேன். கையொப்பத்துக்குக் கீழே, "எங்கள் சமையலறையிலும் ஒன்று இருக்கிறது ஆசிரியரே, இப்போது விரட்டுவதில்லை" என்று எழுதியிருந்தார்.