இயற்பியல் படிக்காத பிள்ளையும் பொறியியல் கல்வியும்



பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், திண்டுக்கல் பேகம்பூர் சுற்றுவட்டாரப் பெற்றோர் பலர் மத்ரஸா ஆசிரியர்களாகிய எம்மிடம் மஷூரா கேட்டு வருவதுண்டு. அவர்களிடமிருந்து அடிக்கடி எழும் கேள்வி ஒன்று: "ஹஜ்ரத், பிள்ளை இயற்பியல் எடுத்துப் படிக்கவில்லை. பொறியியலில் சேர வழியுண்டா?" ஹிஃப்ழு முடித்துத் தாமதமாகப் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகளும், இயற்பியல் கடினம் என்றஞ்சி வணிகவியல் பிரிவை எடுத்த பிள்ளைகளும் இந்நிலையில் உள்ளனர். வழியுண்டு என்பதே எமது பதில். ஆனால் அது இயற்பியலைத் தவிர்க்கும் வழியன்று. காலம் தாழ்ந்தேனும் அதைக் கற்கும் வழியாகும்.

முதலில் விதியை அறிவோம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் பொதுப் பிரிவு மாணவருக்குத் தரவரிசை மதிப்பெண் 200. அதில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. வணிகவியல் பிரிவில் தேறியவர் இவ்வழியே முதலாண்டில் சேர இயலாது. 2021 மார்ச்சில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, 14 பாடங்களுள் ஏதேனும் மூன்று படித்திருந்தால் போதும் என்று அறிவித்தது. எதிர்ப்பு எழவே, கணிதமும் இயற்பியலும் பொறியியலின் அடிப்படையாகவே நீடிக்கும் என்று விளக்கம் தந்தது. அப்பழைய செய்தியைக் காட்டி, "எந்தப் பிரிவானாலும் இடம் வாங்கித் தருகிறோம்" என்று முன்பணம் கேட்போரிடம் பெற்றோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஹலாலாகச் சேர்த்த பணம் கைவிட்டுப் போவதோடு, பிள்ளையின் ஓராண்டும் போய்விடும்.

நேரான வழி பாலிடெக்னிக். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அதற்குப் போதுமானது. மூன்றாண்டுப் பட்டயப் படிப்பின் முதலாண்டிலேயே கணிதம், இயற்பியல், வேதியியல் கற்பிக்கப்படுகின்றன. பட்டயம் பெற்றவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கணக்கிட்டுப் பாருங்கள்: மேல்நிலைக் கல்வி ஈராண்டு, பி.இ. நான்காண்டு, ஆக ஆறு. பட்டயம் மூன்றாண்டு, பி.இ. மூன்றாண்டு, அதுவும் ஆறு. பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் முடிவெடுத்தால் ஓராண்டும் வீணாவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் முடித்தபின் இவ்வழிக்கு வருவோருக்கு ஈராண்டு கூடும், அவ்வளவே. கணினித் துறையை மட்டும் விரும்புவோர் பி.சி.ஏ., அதன்பின் ஈராண்டு எம்.சி.ஏ. என்று செல்லலாம். அதற்குக் கணிதம் வேண்டும். பள்ளியில் இயற்பியல் படித்திருப்பது கட்டாயமன்று.

ஆயத்தம் எங்கிருந்து தொடங்குவது? பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்தே. இயக்க விதிகள், ஒளியியல், வெப்ப இயற்பியல், மின்னோட்டவியல், ஒலியியல், அணுக்கரு இயற்பியல் ஆகிய ஆறும் அதன் முதற் பகுதியில் உள்ளன. அவற்றோடு கணித நூலின் இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் செம்மை செய்துகொண்டு, பிறகு பதினொன்றாம் வகுப்பு இயற்பியலுக்குச் செல்லலாம். ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம், இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் எனச் சில மாதங்கள் இடைவிடாது படித்தால் அச்சம் அகலும்.

ஹாஃபிழ் பிள்ளைகளிடம் ஒரு பொதுத் தன்மையைக் கண்டு வருகிறோம். சூத்திரங்களை அவர்கள் ஒரே அமர்வில் மனனம் செய்துவிடுகின்றனர். ஆயினும் கணக்கைச் சற்று மாற்றிக் கேட்டால் திகைக்கின்றனர். அவர்களுக்கு நாம் நினைவூட்டுவது நஹ்வு பாடத்தை. இலக்கண விதியை ஒப்பித்தவன் நஹ்வு அறிந்தவனாகான்; முன்பின் பாராத வாக்கியத்திற்கு இஃராப் சொல்பவனே அறிந்தவன். இயற்பியலும் அவ்வாறே. நாள்தோறும் ஐந்து புதிய கணக்குகளைப் பிறர் உதவியின்றிச் செய்து பார்ப்பது, ஐம்பது சூத்திரங்களை மனனம் செய்வதினும் மேலானது.

இப்பாடம் நம் ஊருக்கு அந்நியமானதுமன்று. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டினுள் நெம்புகோல்களும் சுருள்வில்லும் இயங்குகின்றன. நிலத்தின் மேல் வைத்த மோட்டாரால் சுமார் 10 மீட்டருக்குக் கீழுள்ள நீரை உறிஞ்சி எடுக்க இயலாமைக்குக் காரணம் வளிமண்டல அழுத்தத்தின் எல்லை. அதனாலேயே ஆழ்துளைக் கிணறுகளில் நீர்மூழ்கி மோட்டார் இறக்குகிறோம். இவற்றைக் கேள்வியோடு பார்க்கப் பழகிய பிள்ளைக்குப் பாதிப் பாடம் விளங்கிவிடும்.

சமூகத்திற்கு இன்றியமையாத தொழில்களை ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வகைப்படுத்தினார்கள். நீர், மின்சாரம், கட்டடம் ஆகியவற்றை அறிந்தோர் நம்மிடையே உருவாவதும் அவ்வகைக் கடமையே. அப்துல் கலாம் அவர்கள் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்ற பின்னரே, தமது நாட்டம் பொறியியல் என உணர்ந்து சென்னை எம்.ஐ.டி.யில் சேர்ந்தார்கள். அதற்கான கட்டணத்திற்குத் தமக்கை ஜொஹரா தம் நகைகளை ஈடு வைத்தார்கள். சற்றுத் தாமதித்துத் தொடங்குவது இழிவன்று என்பதற்கு அவர்கள் வாழ்வே சான்று.

எனவே பெற்றோரே, பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் பிள்ளையிடம் கேளுங்கள். பெண் மக்களிடமும் அவ்வாறே கேளுங்கள். அறிந்தோரிடம் மஷூரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள். பிள்ளைக்குக் கடினம் என்று நீங்களே முடிவு செய்து ஒரு பாடத்தின் கதவை அடைத்துவிடாதீர்கள். பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் மக்களுக்கு எளிதாக்கித் தருவானாக. ஆமீன்.