மலைநாட்டில் ஒரு கடற்பாடம்

கண்டியில் வாழும் என் தமக்கையின் மகனுக்குக் கடற்படையிற் சேர வேண்டுமென்பது நெடுநாளைய ஆசை. “மலை சூழ்ந்த ஊரிலே பிறந்த பிள்ளைக்குக் கடலாசை எங்ஙனம் வந்தது?” என்று உறவினர் நகைப்பதுண்டு. கண்டியின் வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு நகையார். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் உச்சத் தளபதியாகிய மவுண்ட்பேட்டன் பிரபு, தம் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவர் கடற்படையிலே வளர்ந்தவர். ஒரு மாபெரும் போரை நடத்துதற்கு அக்கடல்வீரர் தேர்ந்த இடம் இம்மலைநாடுதான்!

அப்பூந்தோட்டத்தை மூன்று புறமும் வளைத்தோடும் மகாவலி கங்கை 335 கிலோமீட்டர் நீளமுடையது. அது சென்று கலப்பதோ, திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவிலே. நம் கடற்படையின் பயிற்சிக் கழகம் இருப்பதும் அத்திருகோணமலையிலேதான். ஆகவே, கண்டியில் நிற்பவன் கடலுக்கு முற்றிலும் அந்நியன் அல்லன்.

நம் தீவில் மாணவர்க்குப் படைப்பயிற்சி 1881ஆம் ஆண்டிலே கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கிற்று. இந்தியாவிலோ, தேசிய மாணவர் படையில் 1952ஆம் ஆண்டு கடற்பிரிவும் சேர்ந்தது. படகு வலித்தலும், பாய் விரித்தோட்டுதலும், கப்பல்களின் சிற்றுருவம் செய்தலும் ஆங்கு மாணவர்க்குப் பாடங்கள்.

சென்ற விடுமுறையில் மலையேற்றமும் நீர்ப்பயிற்சியும் கொண்ட ஒரு வாரப் பாசறைக்குச் செல்ல என் மருகன் அனுமதி வேண்டினான். தமக்கையார் மறுத்துவிட்டார். இளமையில் அவருடைய தோழி ஒருத்தியை அவர் கண்முன்னே ஆறு கொண்டுபோயிற்று.

“தம்பி, உனக்கு அது தெரியாததா?” என்றார்.

“தெரியும் அக்கா. ஆனால் இவன் நாள்தோறும் ஆற்றங்கரை வழியேதானே பள்ளிக்குப் போய் வருகின்றான்? நீங்கள் தடுப்பது பயிற்சியைத்தான், ஆற்றையன்று” என்றேன். இரண்டு நாள் மௌனத்தின் பின் அவர் இசைந்தார்.

வாரம் கழிந்து பையன் திரும்பினான். ஹந்தானை மலையேறிய கதையைச் சொல்லுவான் என எதிர்பார்த்தோம். அவன் சொன்னது வேறு.

“அம்மா, நீரில் ஒருவர் தவித்தால் உடனே குதிக்கக் கூடாதாம். தவிப்பவர் நம்மையும் பற்றி அமிழ்த்திவிடுவார். கரையிலே படுத்துக்கொண்டு கழியை நீட்ட வேண்டும். எட்டாவிட்டால் கயிறு எறிய வேண்டும். கயிறு இல்லையானால் நீண்ட துணியும் போதும்.”

மலையில் மழை பெய்தால், மழையே காணாத இடத்திலும் ஆறு திடீரெனப் பெருகும் என்றான். 1976ஆம் ஆண்டு முதல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து நிற்கும் அணையின் கதவுகள் திறக்கப்பட்டாலும் கீழே நீர் விரைந்து உயரும் என்றான். எவ்வளவு இழுத்தாலும் உடலை நெரிக்காத கயிற்று முடிச்சொன்றையும் தன் இடையிலே கட்டிக் காட்டினான்.

தமக்கையார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அன்றைக்கு நாங்கள் துவைக்கத்தான் போனோம். கை நிறையச் சேலைகள் இருந்தனவே” என்று மட்டும் மெல்லச் சொன்னார். எங்களுள் எவர்க்கும் மறுமொழி வரவில்லை.

அன்புள்ள பெற்றோரே! நீரைக் கண்டு அஞ்சுவது பேதைமையன்று. நன்கு நீந்துவோரையும் ஆறு விழுங்கியதுண்டு. ஆனால், அறிவோடு கூடிய அச்சமே காக்கும். அறிவில்லாத அச்சம் கரையில் நின்று கதறத்தான் உதவும். உங்கள் மக்கள் கடற்படையிற் சேர்ந்தாலென்ன, சேராவிட்டாலென்ன? தேர்ந்த ஆசான் ஒருவரின் பார்வையில் நீச்சலும், பிறரைக் காக்கும் முறையும் அவர்கள் பயிலட்டும். நூல்களைப் படித்து மட்டும் பெறத்தக்க கல்வியன்று இது.

என் தமக்கையார் இதற்கு என் அறிவுரையை எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாரமே தம் இளைய மகளையும் நீச்சல் பழகச் சேர்த்துவிட்டார்.