ரேழியில் ஒரு கம்ப்யூட்டர்

பி.காம். படித்தவனுக்கு உலகம் இரண்டே பக்கம்தான். இடது பக்கம் டெபிட், வலது பக்கம் கிரெடிட். இதில் அடங்காத எதைக் கொண்டுபோய் நீட்டினாலும், "இப்ப என்ன அவசரம்?" என்பான். நானும் என்றேன். 2018-ல் அதை ஒரு காகிதத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். அந்தக் கையெழுத்தின் கதை இது.

அப்போது பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியின் மெயில் சர்வர் என் மேஜைக்குப் பின்னால், டாலி இருந்த கம்ப்யூட்டரோடு தோளோடு தோள் உரசியபடி இருக்கும். ஏன் அங்கே? ஏ.ஸி. அங்கேதான் இருந்தது. எது எங்கே இருக்க வேண்டும் என்பதை எங்கள் கம்பெனியில் ஏ.ஸி.தான் தீர்மானித்தது.

ஒரு நாள் சிஸ்டம்ஸ் பையன் ஒரு நோட் போட்டுக் கொண்டுவந்தான். மொத்தம் 42,000 ரூபாய்.

"மெயில் சர்வரை இப்படி வச்சிருக்கக் கூடாது சார்."

"வேற ரூம்ல வச்சா சூடாயிடுமேப்பா?"

"ரூமை மாத்தச் சொல்லலை சார். நெட்வொர்க்ல மாத்தணும்."

நான் முழித்ததைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். "உங்க கும்பகோணத்து வீட்ல ரேழி இருக்கா சார்?" என்று கேட்டான்.

இருந்தது. வாசல் கதவுக்கும் கூடத்துக் கதவுக்கும் நடுவே, எப்போதும் இருட்டாக. தபால்காரர் வந்தால் தாத்தா அங்கே நின்றுதான் கடிதம் வாங்குவார். பீரோ இருக்கிற அறை வரைக்கும் தபால்காரரைக் கூப்பிட்டு யாராவது கடிதம் வாங்குவார்களா?

"நாம அதைத்தான் சார் செஞ்சிட்டிருக்கோம்" என்றான்.

மெயில் சர்வரின் தலையெழுத்து அப்படி. முன்பின் தெரியாதவன் தட்டினாலும் அது கதவைத் திறந்தாக வேண்டும். அடுத்த ஆர்டர் எந்த ஊரிலிருந்து வருமோ, யார் கண்டது? மெயில் போக்குவரத்துக்கு 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய விதிகளிலேயே இதற்கென்று ஒரு கதவு உண்டு. 25-ம் நம்பர் போர்ட். இதைச் சாத்தினால் திருடன் வரமாட்டான், கஸ்டமரும் வரமாட்டார். திறந்தே கிடக்கிற கதவு என்றாவது உளுத்துப்போகும். 1988 நவம்பரில் ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் விட்ட புழு இன்டர்நெட்டையே திணறடித்தபோது, அது நுழைந்த ஓட்டைகளில் ஒன்று 'சென்ட்மெயில்' என்ற மெயில் புரோகிராமில் இருந்தது.

அதனால் நடுவே ஒரு ரேழி. நெட்வொர்க்காரர்கள் இதை டி.எம்.ஸெட். என்கிறார்கள். 1953-ல் கொரியாவில் சண்டை நின்றபோது வடக்குக்கும் தெற்குக்கும் இடையே 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை ஒதுக்கினார்களே, அங்கிருந்து இரவல் வாங்கிய பெயர்.

வெளியே ஒரு ஃபயர்வால், உள்ளே ஒரு ஃபயர்வால். நடுவில் சின்னதாக ஒரு மெஷின். வருகிற மெயிலை அது வாங்கும், சோதிக்கும், உள்ளே இருக்கும் நிஜ மெயில் சர்வருக்கு ஒரே ஒரு வழியாகத் தள்ளும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம். டாலி பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூட அதற்கு அனுமதி கிடையாது. எவனாவது அந்த மெஷினையே பிடித்துவிட்டாலும் ரேழியில் நின்று இருட்டைப் பார்க்க வேண்டியதுதான். வெளியூரில் மெயில் பார்க்கும் சேல்ஸ்காரர்களும் வி.பி.என். வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அக்கவுன்ட்ஸுக்குத் தனியாக இன்னொரு கதவு.

எல்லாம் புரிந்தது. புரிந்தும் எழுதினேன்: 'இப்போது என்ன அவசரம்? அடுத்த ஆண்டு பார்க்கலாம்.'

அடுத்த ஆண்டு வந்தது. 2019 மார்ச் 28, காலை ஒன்பதரை. டாலி திறக்கவில்லை. எல்லா ஃபைல்களுக்கும் புதிதாக ஒரு வால் முளைத்திருந்தது. பிட்காயின் கேட்டு ஒரு கடுதாசி. அப்டேட் செய்யாத மெயில் சர்வரின் பழைய ஓட்டை வழியாக வந்தவன், அங்கிருந்து என் கம்ப்யூட்டருக்கு நடந்தே வந்திருக்கிறான். நடுவில் தடுக்கி விழ ஒரு படிகூட இல்லை. பேக்கப்? சௌகரியத்துக்காக ஹார்ட் டிஸ்க்கைச் செருகியே வைத்திருந்தோம். அதுவும் போச்சு.

ஆடிட்டரிடம் ஜனவரி வரைக்கும் காப்பி இருந்தது. மீதி இரண்டு மாத வவுச்சர்களை ஆறு பேர் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஏற்றினோம். சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனது. ஒரு லேத் ஆபரேட்டர் என் மேஜை முன்னால் வந்து, "வாடகை குடுக்கணும் சார், எப்ப வரும்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

எம்.டி. மீட்டிங் போட்டார். "யார் இதுக்குப் பொறுப்பு?" எல்லோரும் அந்தப் பையனைப் பார்த்தார்கள். நோட் என் ஃபைலில், மேலிருந்து மூன்றாவது. நான் ஏ.ஸி.யைப் பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் பையன் வேலையை விட்டான். அவன் சொன்ன அதே ஏற்பாட்டை வேறு ஆளை வைத்துச் செய்தோம். பில் லட்சத்தைத் தாண்டியது. மறுபேச்சில்லாமல் பாஸ் செய்தேன்.

2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர்களில் ஓட்டை என்று உலகமே அலறியது. மார்ச் 2-ம் தேதி அவசரமாகத் திருத்தம் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே திருடர்கள் நுழைய ஆரம்பித்திருந்தார்கள். பாதிக்கப்பட்ட சர்வர்கள் பல்லாயிரம். அன்றைக்கு அவன் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். பெங்களூரில் இருந்தான்.

"கதவு உளுக்கறதை நாம தடுக்க முடியாது சார். அதுக்குப் பின்னாடி எதை வைக்கறோம்கறது நம்ம கையிலதானே இருக்கு" என்றான்.

"தம்பி, அந்த நோட்..."

"என்கிட்டயும் ஒரு ஜெராக்ஸ் இருந்துச்சு சார்."

"ஏன் காட்டலை?"

"காட்டியிருந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். ஒருத்தரோட போகட்டும்னு விட்டுட்டேன்."

உங்கள் கம்பெனி மெயில் கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ இருந்தால் பாதிக் கவலை அவர்களுடையது. ஆபீஸிலேயே சர்வர் இருந்தால் திங்கட்கிழமை சிஸ்டம்ஸ் பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "மெயிலுக்கும் டாலிக்கும் நடுவுல எத்தனை கதவு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், அவன் போட்ட நோட் யாரோ ஒருவர் ஃபைலில் தூங்குகிறது என்று அர்த்தம். அந்த யாரோ நீங்களாகவும் இருக்கலாம்.

மறுநாள் காலை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு எம்.டி. அறைக்குப் போனேன். மேஜைமேல் வைத்தேன். படித்தார். கீழே என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"ரெண்டு வருஷம் கழிச்சு, இப்ப என்ன அவசரம்?"