பல்நோக்கு மைதானம்

கமுதிப் பக்கத்து ஊர்களில் மைதானம் என்றால் பொதுக்கூட்டம், பொருட்காட்சி, ஆண்பிள்ளைகளின் கிரிக்கெட். நாங்கள் அதன் ஓரமாகத்தான் பள்ளிக்கூடம் போவோம். குறுக்கே நடந்தால் நமக்கு முன்னால் செய்தி வீடு போய்ச் சேர்ந்துவிடும். யாரும் தடை எழுதி ஒட்டியதில்லை.

இங்கிலாந்தில் எழுதியே தடுத்தார்கள். 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டே கால்பந்துச் சங்கம், தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்றது. பந்தைப் பிடுங்கவில்லை, இடத்தைப் பூட்டினார்கள். திறக்க ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆயின.

2019இல் மதுரையின் சேது எஃப்சி, மணிப்பூர் போலீஸை 3–1 என வென்று இந்தியப் பெண்கள் லீக் கோப்பையைக் கொண்டுவந்தது. அந்த இறுதியாட்டம் நடந்தது லூதியானாவில். நம் பக்கத்துப் பெண்கள் கோப்பை வாங்கியதை நம் பக்கத்துச் சிறுமிகள் நேரில் பார்க்கவில்லை.

சிற்றூர்களில் எழும் விளையாட்டரங்குகளுக்குப் ‘பல்நோக்கு’ என்று பெயர் வைக்கிறார்கள். அந்த நோக்கங்களில் ஒன்றாக, மாலை ஐந்திலிருந்து ஏழுவரை பெண்பிள்ளைகளுக்கு என்று பலகையில் எழுதட்டும். தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, உடைமாற்ற ஓர் அறை, எரிகிற விளக்கு, ஏழு மணிக்கு மேல் கிராமத்துக்குத் திரும்ப ஒரு பஸ். இவை இல்லாத அரங்கில் நாங்கள் இன்னும் ஓரமாகத்தான் நடக்க வேண்டியிருக்கும்.