எல்லோருக்கும், பலருக்கு, சிலருக்கு

இங்கிலாந்தில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப் பிரதேசத்தின் தேசியப் பூங்காக்காரர்கள் தங்கள் நடைபாதைகளில் சிலவற்றைப் பொறுக்கி மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். எல்லோருக்குமானவை, பலருக்கானவை, சிலருக்கானவை. சக்கர நாற்காலியில் வருகிறவர், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளி வருகிறவள், முழங்கால் தேய்ந்த கிழவர் எல்லோரையும் மனதில் வைத்துச் செய்த பிரிவினை. ஆடுகள் தாண்டிவிடாதபடி வயல் சுவர்களின்மேல் வைக்கும் கடவுப்படிகள் இந்தப் பாதைகளில் கிடையாது. எவ்வளவு தூரம், எவ்வளவு சரிவு, தரை சரளையா புல்லா என்பதை முன்கூட்டியே எழுதித் தந்துவிடுகிறார்கள். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது மூன்றாவது வகைதான். இது சிலருக்கு மட்டும் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவதில் ஒரு மரியாதை இருக்கிறது. அந்தச் சிலரில் நான் சேர்த்தியா என்று தீர்மானிக்கிற வேலை என்னிடமே விடப்பட்டிருக்கிறது.

எனக்கு இடது காலில் போலியோ. நினைவு தெரிவதற்கு முன்பே வந்தது. காலிபரும் பூட்ஸும் சேர்ந்துதான் என் கால். கோலியனூர் இதற்குத் தோதான ஊர். வயலும் வாய்க்காலும் ரோடும் ஒரே மட்டம். ஏரிக்கரையைத்தான் நாங்கள் மேடு என்போம். மலை என்பது எனக்கு நெடுநாள் வரை புஸ்தகத்தில் மட்டுமே இருந்த சமாச்சாரம்.

அந்தப் புஸ்தக மலையும் லேக் டிஸ்ட்ரிக்ட்தான். பி.ஏ. வகுப்பில் வேர்ட்ஸ்வொர்த். கவிதைக்குச் சாதாரண மனிதர்களின் பேச்சுமொழி வேண்டும் என்று 1800ல் முன்னுரை எழுதியவர்; அந்தப் பிரதேசத்துக்கு வழிகாட்டி நூல் எழுதியவரும் அவரே. 1844ல் கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு ரயில் பாதை போடுகிறார்கள் என்றவுடன் இதே மனிதர் எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், சானெட்டும் எழுதினார். தொழிற்சாலை நகரங்களிலிருந்து ஜனங்களை மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டினால் ரசனை வந்துவிடாது, அதற்குப் பழக்கம் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். 1847ல் ரயில் வந்துவிட்டது. கேட்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் நாம் சிரிக்கக்கூடாது. 300 பிரதி அச்சடித்து 200 பேருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் நம் வட்டத்தில் இந்த வாதம் மாதம் ஒரு முறையாவது எழுகிறது. எனக்கு இதில் பாதி சம்மதம். ரசனைக்குப் பழக்கம் வேண்டும் என்பது வாஸ்தவம். யாருக்குப் பழக்கம் வராது என்பதை ரயிலடியிலேயே நின்று முடிவுகட்டியது எந்த நியாயத்தில் சேர்த்தி?

நம் பக்கத்து மலைக்கு வருவோம். செஞ்சி, திண்டிவனத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள், மூன்றையும் கோத்து ஓடும் மதில். யாரும் ஏறிவிடக்கூடாது என்பதற்காகவே பாதை அமைத்த இடம் இது. ராஜகிரி 800 அடி உயரம்தான். ஆனால் ஏறுகிறவனை எத்தனை விதமாகத் தடுக்கலாமோ அத்தனையும் யோசித்திருக்கிறார்கள். வாசலுக்குப் பின் வாசல், திருப்பத்துக்குப் பின் திருப்பம், உச்சிக்குச் சற்று முன்னால் 24 அடி அகலத்தில் 60 அடி ஆழத்துக்கு ஒரு பாறைப் பிளவு. அதன்மேல் கிடந்த மரப்பாலத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் தீர்ந்தது. ஔரங்கசீப்பின் சைன்யம் 1690 தொடங்கி 1698 வரை இந்தக் கோட்டையைப் பிடிக்க அல்லாடியது. அத்தனை பேருக்கும் இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டுக்கு இது ஒன்று. எவனும் வரக்கூடாதென்று கட்டியது மனித குலம் முழுவதுக்கும் சொத்தாகியிருக்கிறது.

ஏறுவது எனக்கு எப்படி என்று சொல்லவேண்டும். ஒரே உயரத்தில் ஐம்பது படி இருந்தால் பயமில்லை. மூன்றாம் படியிலேயே இடுப்பு அளவைக் கற்றுக்கொள்ளும். பிறகு அதுவே தூக்கிப் போடும். செஞ்சியில் அடுத்தடுத்த படிகளுக்குள் உறவில்லை. ஒன்று அரை அடி, அடுத்தது முழங்கால் மட்டம், அதற்கடுத்தது வழவழவென்று பாறைச் சரிவு. ஒவ்வொரு படிக்கும் புதிதாகத் தீர்மானம் எடுக்கவேண்டியிருக்கிறது. யாப்பில் எழுதியதற்கும் யாப்பை விட்டு எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் என்று உங்களில் சிலர் உடனே சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள், என் முழங்கால் வலி உவமை இல்லை.

முதல் தடவை திண்டிவனத்து நண்பர் ஒருவரோடு போனேன். கவிஞர், பள்ளிக்கூட வாத்தியார். கல்யாண மஹாலைத் தாண்டியதுமே என் நடையைப் பார்த்துவிட்டுக் குனிந்து நின்றார்.

"யோவ், முதுகுல ஏறிக்கய்யா. அறுவது கிலோ இருப்பியா நீ?"

"ஒரு கவிதையத் தூக்கறதுக்கே உமக்கு மூச்சு வாங்குது. என்னையுமா?"

"ராஜாவே பல்லக்குலதான்யா போயிருப்பான்."

அவர் சொன்னது சரிதான் என்று தோன்றுகிறது. ராஜாக்கள் நடந்தா ஏறியிருப்பார்கள்? தூக்கிக்கொண்டு போகப்படுவது அந்தக் காலத்தில் பெருமை, இந்தக் காலத்தில் பரிதாபம். நான் ஏறிக்கொள்ளவில்லை. கமலக்கண்ணியம்மன் கோயில் வரை எனக்காக நடந்தார், பிறகு தனியாக உச்சிக்குப் போய்விட்டு வந்தார். அடுத்த மாதம் கவிதை வந்தது. மேலிருந்து பார்த்தால் ஊர் சிறுத்துவிட்டது, மனிதர்கள் எறும்பு, நான் என்பது கரைந்தது. கையெழுத்துப் பிரதியிலேயே அவரிடம் சொன்னேன்: இதை எழுத மலை ஏறவேண்டியதில்லை, இதுவரை உச்சிக்குப் போன நம் கவிஞர்கள் எல்லோருக்கும் ஊர் சிறுத்துத்தான் இருக்கிறது. கோயிலடியில் நான் உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு எதுவும் சிறுக்கவில்லை. எதிர்ப் பாறையில் ஒரு குட்டிக் குரங்கு தாயின் வயிற்றில் தொற்றிக்கொண்டு போயிற்று. அதற்காக உச்சி எனக்கு வேண்டாம் என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். வேண்டும். அந்தப் பிளவின் விளிம்பில் நின்று கீழே பார்க்க எனக்கு ஆசை இருக்கிறது.

ரோப் கார் விட்டால் தீராதா என்பார்கள். பழனியில் 693 படி. 2004லிருந்து ரோப் காரும் இருக்கிறது. சோளிங்கரில் 1305 படி. அங்கே 2024ல் வந்தது. ஸ்வாமியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது நியாயம், கோயிலுக்குப் போவது பாதைக்காக இல்லை. செஞ்சியில் பாதைதானே கோட்டை? அதன்மேல் கம்பி கட்டிப் பறந்தால் எதைப் பார்த்ததாகும்? சட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு உற்சாகமில்லை. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்தது; நான் உத்தியோகம் பார்க்கும் கிளை வாசலில் மூன்று படிகள் அதற்கு முன்பும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. முதியோர் பென்ஷன் கிழவிகள் கீழேயே நின்று பாஸ்புக்கை மட்டும் மேலே அனுப்புவார்கள்.

திருவண்ணாமலை வேறொரு யோசனையைச் செய்து பார்த்திருக்கிறது. அங்கே ஏறவே வேண்டாம். சுற்றினால் போதும், 14 கிலோமீட்டர். வருஷத்துக்கு ஒருமுறை உச்சியில் தீபம் ஏற்றுகிறார்கள். மற்றபடி மலையின் மரியாதை அடிவாரத்தில்தான். நிறைமாத கர்ப்பிணியான ராணி நடக்கிறமாதிரி நடக்கவேண்டும் என்று ஒரு வழக்கு உண்டு. எனக்குப் பக்தி குறைவு. ஆனாலும் இதை யோசித்தவன் பெரிய ஆள் என்று ஒப்புக்கொள்கிறேன். இருப்பதிலேயே மெதுவாக நடக்கிறவளை எடுத்து, இவள் நடைதான் சரியான நடை என்று விதியாக்கிவிட்டான். வேகமாகப் போகிறவன்தான் அங்கே தப்பாக நடக்கிறான். பௌர்ணமி இல்லாத ஒரு நாளில், விடியற்காலை தொடங்கி இரவு எட்டு மணி வரை நான் சுற்றினேன். நிருதி லிங்கம் தாண்டி ஒரு டீக்கடை அம்மாள் பெஞ்சை இழுத்துப் போட்டுச் சொன்னாள்: "குந்து தம்பி. மலை எங்க ஓடிடப் போவுது?"

இந்த மலைக்கு வருவதற்கே சரியான தகவல் கிடைக்காமல் திண்டாடிய ஒருவரை நம் ஊர் ஸ்டேஷன் பார்த்திருக்கிறது. 1896 ஆகஸ்டு கடைசியில் மதுரையிலிருந்து கிளம்பிய 16 வயது வேங்கடராமன், பழைய தேசப்படம் ஒன்றைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டார். விழுப்புரத்திலிருந்தே திருவண்ணாமலைக்கு ரயில் பாதை பிரிவது அதில் இல்லை. ரயிலில் ஒரு மௌல்வி விஷயத்தைச் சொல்ல, விழுப்புரத்தில் இறங்கித் தெருத் தெருவாகக் கைகாட்டிப் பலகை தேடினார். மிச்சக் காசுக்கு மாம்பழப்பட்டு வரை ரயில், அப்புறம் நடை. செப்டம்பர் 1ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். பிற்பாடு ரமணரான அவர் 1926 வரை அந்த மலையைச் சுற்றிவந்தார்.

செஞ்சிக்கு இதுவரை நான்கு தடவை போயிருக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். எந்தப் படி முழங்காலுக்கு மேல், எங்கே கைபிடிக்க மதில் வாகாக இருக்கிறது, எந்தத் திருப்பத்தில் காலை வேளையில் நிழல், உட்காரத் தோதான கல் எது, மழைக்குப் பிறகு வழுக்கும் பாறை எது. 'சிரமம்', 'சுலபம்' என்ற வார்த்தைகளை உபயோகிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். யாருக்கு என்று கேள்வி வருகிறது. திண்டிவனத்து நண்பர் போன மாதம் அந்த நோட்டை வாங்கிப்போனார். அவருடைய அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. செஞ்சிக்குப் போகவேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவர். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் படித்தாராம். எனக்கு நெற்களஞ்சியம் வரைக்கும் போதும், அந்தத் தம்பி மேலே போய்விட்டு வரும் வரை அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். புளிசாதம் அவர் பொறுப்பு.