சந்திரகேதுகர்: மண்தட்டு சொல்லும் வாழ்க்கை

கொல்கத்தாவுக்கு வடகிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், பேராசாம்பா என்ற ஊரை ஒட்டி இருக்கிறது சந்திரகேதுகர். பழைய மண்கோட்டையின் மிச்சம் வயல்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே மேடிட்டுக் கிடக்கிறது. பக்கத்தில் கனா–மிகிர் மேடு என்று ஊரார் சொல்லும் இடத்தில், குப்தர் காலத்துச் செங்கல் கோயிலின் அடித்தளம். அண்ணாந்து பார்க்கும் கோபுரமோ தூணோ இங்கே கிடையாது. ஆனால் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய சாதாரண மக்களைத் தெரிந்துகொள்ள இந்த மேட்டுக்கு வரத்தான் வேண்டும்.

1956 முதல் சுமார் 10 ஆண்டுகள் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் அருங்காட்சியகம் இங்கே அகழாய்வு நடத்தியது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, கங்கைக் கரையில் இருந்த ஒரு சந்தை நகரைச் சொல்கிறது. அது சந்திரகேதுகர்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

இங்கே கிடைக்கும் ரௌலட்டட் என்ற புள்ளிக் கோல வகைத் தட்டின் ஓடு ஒன்றைப் பாருங்கள். சாம்பல் நிறக் களிமண். மேலே வழவழப்பான கறுப்புப் பூச்சு. விளிம்பு உள்பக்கமாக வளைந்திருக்கும். தட்டின் உட்புறம், நடுவைச் சுற்றி வட்ட வட்டமாகப் பொடிப் புள்ளிகள் ஓடும். சக்கரம் சுழலும்போதே சிறு கருவியை வைத்துக் குயவர் பதித்த வேலைப்பாடு அது. தட்டு நிறையச் சாப்பாடு இருக்கும்வரை அந்தக் கோலம் கண்ணில் படாது. உண்டு முடித்தவருக்குத்தான் தெரியும்.

இதே தட்டுகள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டிலும் கிடைத்தன. 1945இல் அங்கே தோண்டிய தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், இத்தாலியிலிருந்து வந்த அரிட்டைன் பாண்டங்களை அடையாளம் கண்டார். புள்ளிக் கோலத் தட்டுகளும் மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்குதான் என்று நினைத்தார். பின்னால் ஆய்வாளர் விமலா பெக்லி, அவை இந்தியக் குயவர்களின் வேலை என்று வாதிட்டார். 1997இல் வி. டி. கோக்டே ஓடுகளின் கனிமங்களை எக்ஸ்கதிர் முறையில் ஆராய்ந்து, களிமண் சந்திரகேதுகர்–தாம்லுக் பகுதியைச் சேர்ந்தது என்றார். அவர் முடிவுப்படி, அரிக்கமேட்டில் ஒருவர் உணவு எடுத்துவைத்த தட்டு வங்காளத்தில் வனையப்பட்டு, கப்பலேறி வந்தது. இலங்கையிலும் பாலித் தீவிலும்கூட இந்த வகைத் தட்டுகள் கிடைத்திருக்கின்றன.

அரிக்கமேட்டுக்கு வணிகத்துக்காக வந்த ரோமானியர் வாழ்க்கையும் இப்படித்தான் துண்டு துண்டாகத் தெரிகிறது. அரிக்கமேட்டின் ஆம்போரா சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், கிரேக்கத்தின் கோஸ் தீவுத் திராட்சை மது வந்த சாடிகளையும், ஆலிவ் எண்ணெய், புளிக்கவைத்த மீன் சாறு வந்த சாடிகளையும் பிரித்துக் காட்டினார். மது நம்மவர்க்கும் உவப்பாக இருந்திருக்கும். ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் யாருக்கு? ஊர் விட்டு ஊர் வந்து, பருவக்காற்று திரும்பும்வரை தங்கி, தங்கள் வீட்டு ருசியைத் தேடியவர்களுக்கு என்று கொள்வதே பொருத்தம். பேரரசரின் முகம் பொறித்த பொற்காசு இந்த ஏக்கத்தைச் சொல்லாது.

சந்திரகேதுகரின் சுடுமண் உருவங்களும் இவ்வளவு பேசக்கூடியவை. கூந்தலில் ஆயுத வடிவ ஊசிகள் செருகிய பெண்கள், வாத்தியக்காரர்கள், ஆட்டுக்கிடா வடிவத்தில் சக்கரம் கோக்கத் துளையிட்ட விளையாட்டு வண்டி. அச்சில் வார்த்தவை என்பதால் பல வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் குளம் வெட்டும்போதும் உழும்போதும் வெளிப்பட்டவை நிறைய; எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தன என்ற குறிப்பே இல்லாமல் விற்பனைக்குப் போய்விட்டன. வண்டி கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக இருக்கிறது. அது கிடந்தது வீட்டு முற்றத்திலா, குயவர் சூளையிலா, கோயில் குழியிலா என்பது தொலைந்துவிட்டது. அந்த விவரத்தோடு, அதை வைத்து விளையாடியது யார் என்று அறியும் வழியும் போயிற்று.

பழம்பொருளைக் காப்பது என்றால் அது கிடந்த இடத்தையும் சேர்த்துக் காப்பதுதான். கொல்கத்தாவில் பேஹாலாவின் மாநிலத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கோ அசுதோஷ் அருங்காட்சியகத்துக்கோ போகிறவர்கள், ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அது எங்கே, எந்த அடுக்கில் கிடைத்தது என்று தேடிப் படிக்க வேண்டும். நம் ஊரில் மண் தோண்டும்போது ஓடு தட்டுப்பட்டால், எடுக்காமல் தொல்லியல் துறைக்குச் சொல்ல வேண்டும். எழுதிவைக்காமல் போன கோடிக்கணக்கான மனிதர்களுக்கு அந்த ஓட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.