அட்மின் எண்டால் முதலாளியா?

பாண்டிருப்பில் எங்கட கூட்டாளி ஒருவனின் வீட்டு முன் அறையில் பழைய கணினி ஒன்று இருக்கிறது. அதில்தான் நாங்கள் நாலு பேரும் புரோகிராமிங் பழகினோம். ஒரு ஃபைலைத் திறக்கக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடிக்கலாம், அவ்வளவு மெதுவு. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் விண்டோஸ் டிஃபெண்டர்தான் மேலே நிற்கிறது.

"இவன நிப்பாட்டினா சரி மச்சான்."

சி மொழியில் இருபது வரி எழுதி, அட்மினிஸ்ட்ரேட்டராகவே ஓட்டினோம். விடை: பிழை எண் 5, அனுமதி இல்லை. மற்றப் புரோசஸ்களைத் தொட உதவும் 'டீபக்' உரிமையையும் இயக்கிப் பார்த்தோம். திரும்பவும் 5. எங்கட கணினி, எங்களுக்கே ஏலாதாம்!

கோபத்தோடு தேடி வாசித்தோம். 2007இல் கடைக்கு வந்த விஸ்டாவில், படங்களைக் களவாகப் பிரதியெடுப்பதைத் தடுக்க வந்ததுதான் 'பாதுகாக்கப்பட்ட புரோசஸ்'. 2013இல், விண்டோஸ் 8.1இல், அந்தக் காவல் வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கும் கிடைத்தது. கேட்பவர் அட்மினா என்று மட்டும் கேர்னல் பார்ப்பதில்லை. கேட்கும் புரோசஸுக்கும் அதே அளவு காவல் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கிறது. எங்கட ஊர்க் கோயில் மாதிரித்தான்: கோயில் நிர்வாகம் வண்ணக்கரின் கையில் இருந்தாலும், மூலஸ்தானத்துக்குள் அவர் போவதில்லை.

ஏன் இப்படி? அட்மின் பெயரில் ஓடுவது எப்போதும் நாங்களாக இருப்பதில்லை. 'யெஸ்' என்று அவசரத்தில் அமத்திய ஒரு கள்ள மென்பொருளும் அதே அட்மின்தான். அது முதலில் கொல்லப் பார்ப்பது காவலாளியைத்தான்.

கேர்னலுக்குள் டிரைவர் ஒன்றை இறக்கினால் முடியும் என்றான் ஒருவன். ஆர் எழுதினது என்று தெரியாத டிரைவர் ஒன்றும் கையில் இருந்தது. அதே டிஸ்கில்தான் அவன் தங்கச்சியின் உயர்தர நோட்ஸ் முழுக்கக் கிடந்தது. கேர்னலில் பிழைத்தால் என்ன நடக்கும் என்று உலகமே பார்த்த நாள் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக்கின் பிழையான அப்டேட் ஒன்றால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன. அதை எழுதியவர்கள் கைதேர்ந்தவர்கள். நாங்கள்?

டிரைவரை அழித்தோம். காசு சேர்த்து, கல்முனையில் எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போட்டோம். கணினி இப்போது ஓடுகிறது, டிஃபெண்டரும் ஓடுகிறது. உண்மையில் மெதுவாக இருந்தது பழைய டிஸ்க்தான். அதைப் பார்க்காமலே நாங்கள் காவலாளியைக் கொல்லப் போயிருந்தோம்.